கீழ் பிளாக்கில் கடல் தெரியாது

பிப்ரவரி 3, செவ்வாய். விருதை

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு முருங்கை கூடத் தெரியவில்லை. கம்பெனியில் இன்றோடு சரி, இனி மூன்று வாரம் லீவு. மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நீ போயிட்டா பீஸ் கட்டைய யாரு தட்டிப் பாக்கறது?"

சூளையிலிருந்து வரும், கரண்டுப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பீஸ் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே கீறல். நான் இல்லாவிட்டால் உங்கள் சூளை அவிந்துவிடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒருவழியாகக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. கடற்படையில் மாலுமி. கல்யாணம் ஆனதிலிருந்து நான் இங்கே, அவர் அங்கே. போய் இருந்து பார்த்துவிட்டு, பிடித்தால் ஒரேயடியாக வந்துவிடு என்கிறார். தளம் எந்த ஊர் என்று எங்கேயும் எழுதாதே என்று போனிலேயே மிரட்டல். சரி சாமி, எழுதவில்லை. என் டைரியை எந்த எதிரி படிக்கப்போகிறான்?

எடுத்து வைக்க வேண்டியது: முந்திரிப் பருப்பு, இட்லிப் பொடி, முறுக்கு, இவருடைய பட்டு வேட்டி, தோடு டப்பா (கைப்பையில், துணிப்பையில் அல்ல).

தோடு இனியாவுக்கு. என் நாத்தனார் தேன்மொழியின் பெண், இன்னும் ஒரு வயது ஆகவில்லை. 15ஆம் தேதி காதுகுத்து, தளத்திலேயே. தேன்மொழி இவருடைய ஒரே தங்கை. இவர் பன்னிரண்டாவது முடித்ததும் மாலுமியாகப் போனவர். அவள் என்ஜினியரிங் முடித்து நேரே அதிகாரியாகப் போனாள். இப்போது இரண்டு பேரும் ஒரே தளம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். எங்களுக்கு இன்னும் இல்லை. இவர் மடியில் உரிமையோடு உட்காரப்போகிற முதல் குழந்தை இனியாதான். கடைவீதி ஆசாரியிடம் சொல்லிச் செய்த தோடு, சின்னச் சிவப்புக் கல்.

தேய்பிறையில் யாராவது காது குத்துவார்களா? தேன்மொழி வீட்டுக்காரர் விக்ரம் பூனா பக்கம். அவரும் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைதான் வசதியாம். நல்ல வசதி.

பிப்ரவரி 6, வெள்ளி. தளம்

வெயில். காற்றில் உப்பும் டீசலும். ரயிலில் கால் வீங்கிவிட்டது.

கேட்டில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். முறுக்கைக் கூட முகர்ந்து பார்த்தான் ஒருத்தன். போனில் உள்ள காமிராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினான்.

உள்ளே ஒரே ரோடு. கேட்டுக்குப் பக்கத்தில் பள்ளத்தில் எங்கள் பிளாக்குகள், எல்லாம் ஒரே மஞ்சள், தீப்பெட்டி அடுக்கினது போல. அதைத் தாண்டிக் கூட்டுறவுக் கடை, ஸ்கூல், மைதானம், தண்ணீர் டேங்க். டேங்குக்கு அப்புறம் ரோடு வளைந்து மேட்டில் ஏறுகிறது. அங்கே அதிகாரிகள் வீடு. தோட்டம், ஓட்டுக் கூரை, வேப்ப மரம்.

ஜன்னலைத் திறந்தேன். எதிர் பிளாக்கின் ஜட்டி பனியன்தான் தெரிந்தது.

"கடல் எங்கங்க?"

"மேட்டு மேல போனா தெரியும்."

"கடற்படை வூட்ல கடல் தெரியாதா?"

சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் முழுக்க 'கடலோரத்துல வூடு' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, சனி

மேல் மாடியில் ஜெபா அக்கா. தூத்துக்குடிப் பக்கம். அவங்க வீட்டுக்காரர் மேட்டில் அதிகாரிகள் ஹாலில் சமையல். அக்காதான் இந்த இடத்தைப் பற்றிப் பாடம் நடத்தினாங்க. கேட்கக் கேட்கத் தலை சுற்றியது.

இங்கே யாரையும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்களாம். எப்போது போஸ்டிங் முடியுது என்றுதான். பக்கத்தில் ஒடிசா, எதிரில் பீகார், கீழே கேரளா, அடுத்த வருஷம் எல்லாம் வேறு ஆள். கதவில் பெயர்ப் பலகை ஆணியில் தொங்குகிறது, கழற்றி மாட்ட வசதியாக. பெயருக்கு முன்னால் பதவி. சாயங்காலம் பெஞ்சில் உட்காரும் பொம்பளைகள் கூடப் புருஷன் பதவிப்படி உட்காருகிறார்கள். யாரும் சொல்லி வைக்கவில்லை, தானாகவே.

கிழவன் கிழவியே கண்ணில் படவில்லை. கேட்டேன். "வருவாக, ரெண்டு மாசம் இருப்பாக, போயிருவாக" என்றாங்க. சுடுகாடு எந்தப் பக்கம் என்று கேட்டதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாங்க. இல்லையாம். இவ்வளவு ஜனம் இருக்கும் ஊரில் சுடுகாடு இல்லை. இது ஊரா, ரயில்வே ஸ்டேஷனா?

சாயங்காலம் அதைவிடப் பெரிய அடி. டூட்டி முடிந்து இவர் யூனிபார்மில் வந்தார், கூட்டுறவுக் கடைக்கு நடந்து போனோம். எதிரில் தேன்மொழி, அவளும் யூனிபார்ம். நான் "ஏ தேனு!" என்று கையைத் தூக்கப் போனேன். பக்கத்தில் இவர் விறைத்து நின்றார். கை நெற்றிக்குப் போனது.

"ஜெய் ஹிந்த், மேடம்."

அவளும் கையைத் தூக்கி இறக்கினாள். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். போய்விட்டாள்.

என் கை பாதியில் நின்றது. வீட்டில் இவர் அவளை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். மடியில் போட்டுத் தூங்க வைத்த பிள்ளை, ஊட்டிவிட்ட பிள்ளை. நடுரோட்டில் அதுக்கு சலாம்!

இவர் பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறார். "பாத்தியா, எங்க பாப்பா எப்பிடி சல்யூட் வக்கிறா?"

இந்த மனுஷனை என்ன செய்வது?

பிப்ரவரி 9, திங்கள்

தேன்மொழி வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான். இவர் வரவில்லை, "நீ போயிட்டு வா" என்றார். மேடு மூச்சு வாங்குகிறது.

அம்மாடி, கடல்! வீட்டு வாசலிலிருந்தே. கப்பல்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாக. எது இவருடையது என்று தெரியவில்லை.

தேன்மொழி நைட்டியில் இருந்தாள், பழைய தேனுதான். "வாங்க அண்ணி" என்று கட்டிக்கொண்டாள். இனியா என் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறது. கன்னம் அப்படியே இவர் சாடை. டீ வந்தது, மெல்லிசான கப். பழக்க தோஷம், விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். மொத்து. "தேனு, இது கீறல் வுட்டுருக்குது, ஏமாத்திட்டாங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். தேன்மொழி என்னை "என் சொந்தக்காரங்க" என்று அறிமுகம் செய்தாள்.

சொந்தக்காரங்க. அண்ணி இல்லை. அண்ணன் பொண்டாட்டி இல்லை.

இறங்கி வரும்போது ஒரே ஓட்டமாக வந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தண்ணீர் காலை மட்டும். துணி ஊறப் போட்டாச்சு. ரசம்.

ஜெபா அக்கா மாவு வாங்க வந்தாங்க. பேச்சுவாக்கில்: "ஞாயித்துக்கெழம உங்க நாத்தனார் வீட்டு விசேஷம்லா? ஹால்ல இந்தத் தளத்துக்கே பெரியவர், கேப்டனுக்குத் தனிச் சேர் போடச் சொல்லியிருக்காகளாம். பிள்ளைய அவர் மடியிலதான் வச்சுக் காது குத்துதாகளாம்."

கரண்டி கையிலிருந்து விழுந்தது. நிஜமாகவே விழுந்தது, காலில் ரசம்.

கேப்டன் மடியிலா? கேப்டன் யாரு? தேன்மொழி கூடப் பிறந்தவனா? நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம்?

விக்ரம்தான் கேப்டனைக் கேட்டாராம், மரியாதைக்காக. பெரிய மனுஷர் ஒருத்தர் மடியில் உட்கார வைப்பது தமிழ்நாட்டுப் பழக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. யார் மடி என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

காலையிலிருந்து இவருக்கு என்ன வந்ததோ. ஒரு மூட்டை அரிசி, காஸ் சிலிண்டர், எண்ணெய் டின், வெங்காயம் ஒரு கோணி. "மூணு வாரத்துக்கு எதுக்குங்க இவ்ளோ?" என்றேன். "இருக்கட்டும்."

சாயங்காலம் கேட்டுவிட்டேன். மறைத்து வைக்க என்னால் முடியாது.

"கேப்டன் மடியாம். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரியுமா! தெரிஞ்சுமா தோடு செய்யச் சொன்னீங்க?"

"தோடு மாமன் சீரு. அத யாரும் தடுக்கல."

நான் கத்தினேன். கீழே கேரளாக்காரி ஜன்னலைச் சாத்தினாள். இப்போதே மேட்டுக்குப் போய் அவளை நாலு கேள்வி கேட்கிறேன், எங்கள் ஊர்க் கொளஞ்சியப்பர் சாமிக்கு அவள் மேல் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டுகிறேன், வாடி என் தங்கமே என்று கோயில் வாசலில் நிற்க வைக்கிறேன் என்று என்னென்னவோ. இவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"வுடு. அந்த ஹாலு முழுக்க அதிகாரிங்க. அவங்க முன்னாடி நான் உக்கார முடியாது. உக்காந்தாதான மடி? நின்னுட்டு இருக்கறவனுக்கு மடி ஏது?"

கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். பல் தேய்ப்பது, சாப்பிடுவது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

கொஞ்சம் கழித்து அவரே: "ஆனா வேட்டிய அயர்ன் பண்ணி வையி. ஹாலுக்கு வெளியில நின்னாவது பாக்கறேன்."

பிப்ரவரி 12, வியாழன்

எழுந்தபோது பக்கத்தில் இல்லை. வாசலில் செருப்பு இருக்கிறது, ஷூ இல்லை. பெரிய பை இல்லை. எனக்கு அரைத் தூக்கத்தில் ஞாபகம், தலையில் கையை வைத்து "போயிட்டு வரேன்" என்றார். தினமும் சொல்வதுதானே என்று திரும்பிப் படுத்துவிட்டேன்.

போன் ஸ்விட்ச் ஆப்.

ஜெபா அக்காவிடம் ஓடினேன். "கப்பல் போயிட்டு, தாயி." சாதாரணமாகச் சொல்கிறாங்க. எங்கே, எப்போ வரும்? "கேக்கக் கூடாது. கேட்டாலும் யாருக்கும் தெரியாது. நேத்து அரிசி மூட்டை எறக்கும்போதே நான் நெனச்சேன். இங்க பொம்பளைக எல்லாம் மூட்டையப் பாத்துதான் தெரிஞ்சிக்கிடுதது."

நான் வெங்காயம் எதுக்கு என்று சண்டை போட்டவள்.

ஆணியில் பட்டு வேட்டி அயர்ன் பண்ணியபடி தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

ஜெபா அக்கா வீட்டுக்காரரைத் தவிர பிளாக்கில் ஆம்பளையே இல்லை. வேறு பிளாக்கில் இருக்கிறார்கள், வேறு கப்பல். எங்கள் பிளாக்கில் பைக்குகள் மட்டும் வரிசையாக, உறை போட்டு. பீகார்க்காரி பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறியிருக்கிறாள். கேரளாக்காரி பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், ஒடிசாக்காரி கூடப் போனாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. நேற்றுவரை முகம் கொடுக்காதவர்கள் இன்று என் கதவைத் தட்டி, கையால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள்.

இது ஊர் இல்லை என்று எழுதினேனே. தெரியாமல் எழுதிவிட்டேன்.

அழுதேன். நிறைய. அப்புறம் வெங்காயம் உரித்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மாமன் சீர் போகாமல் இருக்கக் கூடாது. தட்டு: பழம், பூ, வெற்றிலை பாக்கு, பாவாடை துணி, தோடு டப்பா. ஆள் இல்லையே என்று அவருடைய பட்டு வேட்டியை மடித்து மேலே வைத்தேன். மனசில் நாலு வசவு, எல்லாம் ரெடி. சபையில் கேட்டுவிட்டுத்தான் வருவது. ஜெபா அக்கா கூட வந்தாங்க, சமையல்கட்டு வரை.

ஹால் பளபளவென்று. எல்லாரும் கோட்டு, பட்டு. நடுவில் தனி நாற்காலி, சிவப்பு மெத்தை. கேப்டன் நல்ல மனுஷர்தான், தலை நரைத்தவர், சிரித்தபடி வந்து உட்கார்ந்தார். டவுனிலிருந்து வந்த ஆசாரி ஊசியைத் துடைக்கிறார். விக்ரம் இனியாவைத் தூக்கிக் கேப்டன் மடியில் வைத்தார். வைத்ததும் வீல் என்று ஒரு அழுகை.

நான் தட்டோடு நேரே நடந்தேன். எல்லாரும் பார்க்கிறார்கள். தேன்மொழி முன்னால் நீட்டினேன். விக்ரம் வேட்டியைக் காட்டி அவளிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார், இது எதற்கு என்பது போல.

தேன்மொழி வேட்டியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் போய்க் கேப்டன் மடியிலிருந்து இனியாவைத் தூக்கிவிட்டாள்!

அவள் விறைத்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சாரி சார், பிரதர், பெட்டி ஆபிசர் (அது இவர் பதவி). இவர் பெயரை முழுசாகச் சொன்னாள், கொளஞ்சிநாதன். கப்பல் பெயரையும் சொன்னாள். அப்புறம் என் தோளில் கை போட்டு, தமிழிலேயே: "இவங்க எங்க அண்ணி. எங்க அண்ணன் சம்சாரம்."

ஆசாரி ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு முழிக்கிறார். விக்ரம் முகம் வெளுத்துவிட்டது. அன்று டீ குடிக்கும்போது என்னை மேலும் கீழும் பார்த்த அந்தக் கப்புக்காரி வாயைத் திறந்தவள் மூடவில்லை.

கேப்டன் எழுந்தார். நாற்காலியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். தேன்மொழியிடம் ஏதோ சொன்னார், சாப்பாட்டுப் பக்கம் கையைக் காட்டினார். எல்லாரும் போனார்கள். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன்.

"ஆள் வரட்டும்னு சொன்னாரு அண்ணி. அவங்க வூட்லயும் மாமன்தானாம்."

என் வாயில் இருந்த வசவெல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

காது குத்தவில்லை. பாயசம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

தேன்மொழி கீழ் பிளாக்குக்கு வந்தாள். இதுவரை ஒரு தடவை கூட வந்ததில்லையாம். சாதாரணச் சுடிதார். பீகார்க்காரி அடையாளம் கண்டுபிடித்துப் பதறிப்போய் எழுந்து நின்றாள். தேன்மொழி கையெடுத்துக் கும்பிட்டு உட்காரச் சொன்னாள்.

தரையில் உட்கார்ந்து பழைய சோறும் வெங்காயமும் சாப்பிட்டாள். வெங்காயத்துக்குக் குறைவா?

"மடின்னு மட்டுந்தான் அண்ணி அவர்கிட்ட சொன்னேன். யாரு மடின்னு சொல்ல வாய் வரல. அண்ணன் எங்கயும் என்ன காட்டிக் குடுத்ததே இல்ல. அதையே சாக்கா வச்சிக்கிட்டு நானும் இருந்துட்டேன்."

ஆறுதல் சொல்லவும் மனசு வரவில்லை. திட்டவும் வரவில்லை. கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "இங்கேர்ந்து கடல் தெரியாதா?"

"தெரியாது."

அவளுக்கு இது இன்றுதான் தெரிகிறது.

பிப்ரவரி 27, வெள்ளி. விருதை

லீவு முடிந்து வந்து நாலு நாள். மாசி மகக் கூட்டம், கடைவீதியில் நடக்க முடியவில்லை. ராட்டினம் வந்துவிட்டது. வரும் வழியெல்லாம் முந்திரி பூத்துக் கிடக்கிறது. கம்பெனியில் நான் இல்லாத நாளில் கீறல் கட்டை ஒரு லோடு போய்த் திரும்பி வந்திருக்கிறது. மேஸ்திரி இப்போது 'வாங்க' என்கிறார்.

மத்தியானம் புது நம்பரில் போன். ஒரே இரைச்சல்.

"சாப்ட்டியா?"

எங்கே இருக்கீங்க என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பழகிவிட்டேன்.

"இனியாவுக்குக் காது குத்தியாச்சா?"

"இல்ல."

"ஏன்? என்னாச்சி? புள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாவது..."

"மடி இல்ல. எப்பிடி குத்தறது?"

நடந்ததைச் சொன்னேன். சபையில் பெயர் சொன்னதை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "ஏங்க, ஏங்க" என்கிறேன். மூக்கை உறிஞ்சும் சத்தம். இந்த மனுஷன் அழுது நான் கேட்டதே இல்லை. பயந்துபோனேன்.

"முழுப் பேரையுமா சொன்னா?" என்றார். லைன் போய்விட்டது.

மார்ச் 23, திங்கள். விருதை

வெயில் இப்போதே சுடுகிறது. வளர்பிறை, நானே பார்த்த நாள்.

கப்பல் வந்ததும் இவர் லீவு. தேன்மொழிக்கும் லீவு, கூடவே மாற்றல் உத்தரவு. வேறு கடற்கரை, வேறு மேடு. அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்கிறாள். இனி இரண்டு பேரும் ஒரே தளத்தில் இருப்பார்களா, தெரியாது. நேற்று இரவுதான் சொன்னாள்.

கொளஞ்சியப்பர் கோயில். பிராது கட்ட வேண்டியிருக்கவில்லை. விக்ரமுக்கு வேட்டி நிற்கவில்லை, பெல்ட் போட்டுக் கட்டினேன். இந்தத் தடவை யார் மடி என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், "மாமா, மாமா" என்று.

இவர் பட்டு வேட்டியில், சம்மணம் போட்டு, தரையில். இனியாவைத் தூக்கிக்கொண்டு தேன்மொழி வருகிறாள். அவள் வருவதைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனார். பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருண்ணா" என்றாள் தேன்மொழி.

உட்கார்ந்தார். இனியாவை மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார்.

குழந்தை அவ்வளவாக அழவில்லை. இவர்தான்.